தானாக விழும் நியூட்ரல்

அந்தச் சிவப்புக் கார் மறுபடியும் பட்டறை வாசலுக்கு வந்தபோது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, எரிச்சல்தான். இழுவை வண்டியின் முதுகில் ஏறி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, என்னவோ ஊர்வலம் போகிற மாதிரி வந்தது. போன வாரம்தான் "எல்லாம் சரியாயிடுச்சு, தைரியமா ஓட்டுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தோம். அதற்கு முந்தின வாரமும் அதே வசனம்தான்.

இழுவை வண்டியின் முன்சீட்டிலிருந்து இறங்கியவர் கார்க்காரி. நீச்சல்குளத்தில் பயிற்சி கொடுப்பவர். நாங்கள் நீச்சல் டீச்சர் என்றே கூப்பிடுவோம். எப்போதும் கலகலவென்று பேசுகிறவர், அன்றைக்கு எங்களைப் பார்த்ததும் அங்கிருந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மேட்டு ரோட்டுல ஏறிட்டிருக்கேன்ங்க. பின்னாடி லாரி. பொசுக்குன்னு நியூட்ரலுக்குப் போயிடுச்சு. என்ன மிதிச்சாலும் என்ஜின் கத்துதே தவிர வண்டி நகரல. பின்னால உருள ஆரம்பிச்சுடுச்சு. அந்த லாரிக்காரர் எப்படித்தான் ஒடிச்சாரோ. நான் இன்னிக்கு இப்படி உக்காந்து பேசறதே அவர் புண்ணியம்."

என் வீட்டுக்காரர் கைத்துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். கியர்பாக்ஸ் என்றால் மற்ற பட்டறைக்காரர்களே அவரிடம்தான் அனுப்புவார்கள். அவர் சரி என்று சொன்னால் சரி. அவர் சொன்ன சரியை நம்பி ஒரு பெண் சாகப் பார்த்திருக்கிறாள். அது அவரை உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரிந்தது.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டே இருக்கை உள்ள பந்தயக் கார் சாதி. கிளட்ச் மிதி கிடையாது. நடுவில் ஒரு குட்டி லீவர். முன்னால் தள்ளினால் அடுத்த கியர், பின்னால் இழுத்தால் முந்தின கியர், இடது பக்கம் இழுத்தால் நியூட்ரல். கை கேட்பதைக் கம்ப்யூட்டர் வாங்கி, எண்ணெய் அழுத்தத்தில் கிளட்சைப் பிடித்துக் கியரைப் போடும். பாதி ஆட்டோமேட்டிக், பாதி நம் கை. இரண்டும் கெட்டான் என்பார் இவர்.

முந்தின இரண்டு முறையும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. பேட்டரி மாற்றினோம். கதவைத் திறந்தால் 'உய்ங்' என்று அழுத்தம் ஏற்றுகிற பம்பைக் கழற்றிப் பார்த்தோம். எண்ணெய் மாற்றினோம். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று கம்ப்யூட்டருக்குப் புதிதாகப் பாடம் நடத்தினோம். ஒவ்வொன்றுக்குப் பிறகும் மேட்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். எங்கள் வழக்கம் அது. அவர் ஸ்டியரிங்கில், நான் இடது இருக்கையில் மடியில் டேப்லெட்டோடு. காரில் ஒரு குட்டிக் கருவியைச் செருகிவிட்டால் கார் எங்கே போனாலும் அதன் வயிற்றுக்குள் நடப்பதெல்லாம் என் திரையில் வரும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். சினிமாவுக்குப் போனதைவிட நாங்கள் சேர்ந்து டெஸ்ட் டிரைவ் போனதுதான் அதிகம்.

எங்களிடம் அந்தக் கார் ஒரு தடவைகூட அடம் பிடித்ததில்லை.

"பட்டறைக்குள்ள வந்தா பழுது ஒளிஞ்சுக்கும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் போற மாதிரி" என்றார் அவர். ஆனால் சிரிக்கவில்லை.

அன்று லீவருக்குக் கீழே இருக்கும் ஸ்விட்சை மாற்றினார். பிரேக் ஸ்விட்சை மாற்றினார். குனிந்து வேலை செய்யும்போதெல்லாம் அவர் கியர்பாக்ஸோடு பேசிக்கொண்டே இருப்பார். "என்னம்மா கோபம்? எங்க வலிக்குது, சொல்லு." புதிதாக வருகிறவர்கள் யாரோடு பேசுகிறார் என்று எட்டிப் பார்ப்பார்கள். எனக்குப் பழகிவிட்டது. என்னிடம் அந்தக் குரலில் பேசினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சமயத்தில் தோன்றும்.

மத்தியானம் நாங்கள் இருவரும் ஓட்டிப் பார்த்தோம். வழுக்கிக்கொண்டு போனது. ஒரு குறை இல்லை.

காருக்குள் ஈரத் தலைமுடி வாசனை மட்டும் இருந்தது. அப்போதுதான் குளித்துவிட்டு வந்து யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி. நீச்சல் டீச்சர் ஆயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் டீச்சரிடம் கேட்டேன். "எப்பல்லாம் இப்படி ஆகுது? மழையிலயா, வெயில்லயா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

"அதெல்லாம் கணக்கே இல்லைங்க. காலையிலயும் ஆகும், சாயங்காலமும் ஆகும்." கொஞ்சம் யோசித்தார். "என் தோழி ஊர்லேர்ந்து வந்திருந்தப்ப நாள் முழுக்கச் சுத்தினோம். அன்னிக்கு மட்டும் ஒண்ணும் ஆகல."

எனக்குச் சுருக்கென்றது. தோழி உட்கார்ந்திருந்தாள். பட்டறையில் நான் உட்கார்ந்திருந்தேன். பழுது ஒளிந்துகொள்ளவில்லை. இடது இருக்கை காலியாக இருந்தால்தான் அது வருகிறது. எடை குறைந்தால் ஏதோ ஒயர் விலகுகிறது போல என்று நினைத்தேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் வேறு. அவர் பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, டேப்லெட்டை முன்பலகையில் மாட்டிவிட்டு, நான் மட்டும் ஏறிக் கிளம்பினேன்.

வெயில் என் பக்கமிருந்து அடித்தது. மேட்டு ரோட்டில் அன்று அதிக வண்டிகள் இல்லை. இரண்டாவது, மூன்றாவது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

லீவர் நகர்ந்தது.

வெடுக்கென்று இல்லை. குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குகிற மாதிரி, மெதுவாக, பக்குவமாக, இடது பக்கம் போய் நின்றது.

என்ஜின் ஓலமிட்டது. வண்டி தளர்ந்தது. எப்படியோ ஓரம் கட்டிக் கைப்பிரேக்கை இழுத்தேன். திரையைப் பார்த்தேன். பழுது என்று ஒன்றுமே இல்லை. நியூட்ரல் கேட்கப்பட்டது, கொடுக்கப்பட்டது என்றுதான் இருந்தது. கேட்டது லீவர்.

கார் நன்றாகத்தான் இருந்தது. யாரோ கேட்டார்கள், அது கொடுத்தது.

அதற்குக் கீழே இன்னொரு வரி.

இடது பெல்ட்: மாட்டப்பட்டுள்ளது.

திரும்பிப் பார்த்தேன். பெல்ட் கதவோரத் தூணில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, கையை நீட்டி அந்த இருக்கையைத் தொட்டேன். வெயில் படாத இருக்கை. ஆள் எழுந்து போன சூடு இருந்தது.

எழுந்து போன சூடுதானா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை.

கீழே இறங்கி ரோட்டில் நின்று அவருக்குப் போன் செய்தேன். மூச்சிரைக்க ஏறி வந்தார். அவர் இடது கதவைத் திறந்த அந்த நொடி, திரையில் பெல்ட் வரி மாறியது. அவர் உட்கார்ந்தார். முதல் கியர் கேட்டேன், விழுந்தது. பட்டறை வரைக்கும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் வந்தது.

"பெல்ட் பூட்டுல ஸ்விட்ச் ஒட்டிக்கிட்டிருக்கும்" என்றார். "இதுக்குப் போய் மூஞ்சி வெளுத்துட்டு நிக்கற."

"லீவர் நகர்ந்ததைப் பார்த்தேங்க. என் கண்ணால பார்த்தேன்."

"ஏத்தத்துல ஆட்டம் குடுத்திருக்கும்."

"ஆட்டத்துக்கும் இழுக்கறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? இந்த வண்டி வேணாங்க. வேற எங்கயாவது கொண்டு போகச் சொல்லிடலாம்."

அவர் இடது இருக்கைக்கு அடியில் கைவிட்டு, பெல்ட்டிலிருந்து வரும் ஒயர் முடிச்சைப் பிடுங்கி என் கையில் காட்டினார். "இப்ப அது என்ன சொல்லும்? ஒண்ணும் சொல்லாது. நான் தனியா ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்."

"நானும் வரேன்."

"நீ வந்தா அது காட்டாதே! நீதானே கண்டுபிடிச்ச?" கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "நான் சரின்னு சொன்ன வண்டி. அந்தப் பொண்ணு அதை நம்பித்தான் ஏறினா. அடுத்த லாரிக்காரன் ஒடிப்பானான்னு யாருக்குத் தெரியும்? நான் பார்க்காம யார் பார்ப்பா?"

அந்தக் கார் எக்கேடு கெட்டால் எனக்கென்ன. இவர் திரும்பி வர வேண்டும். அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

போனைப் போட்டு ஒலிபெருக்கியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கிளம்பினார். நானும் நீச்சல் டீச்சரும் டேப்லெட்டின் மேல் குனிந்து நின்றோம். கியர் ஒன்று. இரண்டு. மூன்று. போனில் காற்றும் என்ஜினும் கேட்டன. பெல்ட் வரி வெறுமையாக இருந்தது. ஒயரைத்தான் பிடுங்கியாயிற்றே.

"ஏத்தம் ஆரம்பிச்சாச்சு" என்றார் அவர்.

வரி மாறியது.

இடது பெல்ட்: மாட்டப்பட்டுள்ளது.

"இது எப்படிங்க?" என்று டீச்சர் என் தோளைப் பிடித்தார். விரல்கள் சில்லென்று இருந்தன. "ஒயர் வெளியிலதானே இருக்கு?"

"என்னங்க! நிறுத்துங்க, ஓரம் கட்டுங்க!"

"இரு, இரு. யாரோ தலை குளிச்ச வாசனை வருது" என்றார்.

டீச்சரைப் பார்த்தேன். அவர் மேல் வீசியது குளத்து மருந்து நெடிதான். காலையிலிருந்து அதுதான் வீசிக்கொண்டிருந்தது. காருக்குள் நான் முகர்ந்தது அது இல்லை.

கியர்: நியூட்ரல்.

போனில் என்ஜின் அலறியது. எங்கோ பின்னால் ஒரு லாரி ஹாரன். நீளமாக, விடாமல், கிட்ட வந்துகொண்டே.

"குதிச்சுடுங்க!" என்று கத்தினேன். "என்னங்க! வண்டியை விட்டுட்டுக் குதிங்க!"

அவர் குதிக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். ஆயிரம் கியர்பாக்ஸ்களைச் சமாதானப்படுத்திய குரல் போனில் வந்தது.

"என்னம்மா இது, நட்ட நடு ரோட்டுல? என்ன வேணும் உனக்கு? யாரும் கூட்டிட்டுப் போகலையா? அடம் பிடிக்காத. விடு, கையை எடு. வா, நம்ம வீட்டுக்குப் போகலாம்."

"அப்படிக் கூப்பிடாதீங்க!"

என் குரல் அவருக்குக் கேட்டதா, தெரியாது.

கியர்: ஒன்று.

ஹாரன் விலகிப் பக்கவாட்டில் போய்த் தேய்ந்தது. இரண்டு. மூன்று. பெல்ட் வரி அப்படியே இருந்தது, மாறவே இல்லை. போனில் என்ஜின் சத்தம் சீராகக் கேட்டது. இடையில் அவர் லேசாகச் சிரித்தார். யாராவது ஏதாவது சொன்னால் சிரிப்போமே, அப்படி.

பட்டறைக்குள் வந்து நிறுத்தினார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். கை, கால், முகம், எல்லாம் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் முன்னாலேயே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, காரைச் சுற்றிப் போய் இடது கதவைத் திறந்தார். கொஞ்ச நேரம் பிடித்தபடி நின்றார். பிறகு மெதுவாகச் சாத்தினார்.

"எதுக்குங்க திறந்தீங்க?"

"காத்து போகட்டும்னு" என்றார்.

டீச்சர் ஏற மாட்டேன் என்று நின்றார். இவர்தான் தைரியம் சொன்னார். கடைசியில் டீச்சர் பட்டறையைச் சுற்றி ஒரு வட்டம் தனியாக ஓட்டினார். பிறகு மேட்டு ரோட்டில், நாங்கள் பின்னாலேயே எங்கள் வேனில் வர, உச்சி வரை ஏறினார். இறங்கி வந்தபோது அவர் முகமே மாறியிருந்தது. "ஒண்ணுமே ஆகலைங்க. அந்த வாசனைகூட இல்லை. புது வண்டி மாதிரி இருக்கு." என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, தனியாகவே ஓட்டிக்கொண்டு போனார்.

"பார்த்தியா?" என்றார் இவர். "சரியாயிடுச்சு."

பொழுது சாய்ந்ததும் கதவை இழுத்துப் பூட்டினோம். எங்கள் வேன் பழசு. முன்னால் மூன்று பேர் உட்காரும் ஒரே நீளச் சீட்டு, நடுவில் உட்காருகிறவர் முழங்காலுக்கு நேராகக் கியர் லீவர். நான் ஏறி, வழக்கம்போல அவர் பக்கமாக நகர்ந்தேன். இன்றைக்கு அவர் தோளில் சாயாமல் வீட்டுக்குப் போக முடியாது என்று இருந்தது எனக்கு.

"கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றார்.

"ஏன்?"

அவர் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. "இடம் பத்தல பாரு."

கதவோரமாக நகர்ந்து ஒண்டிக்கொண்டேன். வேன் கிளம்பியது. தெருமுனையில் இரண்டாவது கியருக்கு இழுக்கும்போது, அவர் கை நேராக வரவில்லை. எதையோ சுற்றி, படாமல், கவனமாக வளைந்து வந்தது. நான்காவதுக்கும் அப்படித்தான் வளைந்தது. பாதியில் சட்டென்று நின்றது.

"பட்டுடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

என் கால் கதவை ஒட்டி இருந்தது.