அம்புகள் திரும்பிய பக்கம்

மூன்றாவது முறையும் அம்புகள் மூடிக்கிடந்த பின்னறையைத்தான் காட்டின.

குத்துக்கல்வலசையில் இந்த வாடகை வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய குவாண்டம் வளையத்தில் காந்தத்தன்மை எப்படிப் பிறக்கிறது என்பதைக் கணினியில் நிகழ்த்திப் பார்ப்பதுதான் ஜெயபிரியாவின் ஆராய்ச்சி. திரையில் ஒவ்வொரு அணுவும் ஓர் அம்பு. சூட்டைக் குறைத்தால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். எந்தப் பக்கம் என்பது ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் மாற வேண்டும். மாறவில்லை. குற்றாலத்துச் சாரல் மாடித் தகரத்தில் விடாமல் முணுமுணுக்க, ஈரச் சுண்ணாம்பு வாசமும் காயாத துணிகளின் புளித்த வாடையும் மண்டிய பகல்வேளைக் கூடத்தில் புரோகிராமை வரிவரியாகத் துருவிக்கொண்டிருந்தவள், முதுகு வலிக்கவே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சுவரோரம் போய் மறுபக்கம் பார்த்து உட்கார்ந்தாள்.

அம்புகள் மெதுவாகச் சுழன்றன. மறுபடியும் பின்னறை.

திரை எந்தத் திசையில் இருக்கிறதென்று வெறும் எண்களுக்கு எப்படித் தெரியும்?

கரண்ட் போனது. மின்விசிறி ஓய்ந்து நின்றது. அந்த அமைதியில் பின்னறைத் தாழ்ப்பாள் ஒருமுறை 'டக்'கென்றது. அம்புகள் நகர்ந்தன. இப்போது சமையலறை வாசல். அங்கே யாரும் இல்லை. ஆணியில் தொங்கிய இரும்புத் தோசைக்கல் மட்டும் சுவரை விட்டு விலகிச் சாய்ந்து நின்றது.

லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவாசலுக்கு ஓடினாள். அதைக் கதவோரச் செருப்பு அலமாரியின் மேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் தாழ்ப்பாளை இழுத்தாள். அசையவில்லை. இரும்போடு இரும்பு கவ்விக்கொண்டிருந்தது.

செல்லை ஸ்பீக்கரில் போட்டாள். ஆலங்குளத்தில் வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த கணவன் மணிகண்டபிரபு எடுத்தான்.

"ஏங்க, வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க."

"யாருட்டி? கதவப் பூட்டிட்டுத்தான இருந்த?"

"தெறக்க வரமாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்குங்க."

"சாரல்ல இறுகிருக்கும். ஓங்கித் தட்டு. பாவூர்சத்திரம் வந்துட்டேன், இந்தா வாறேன்."

தட்டினாள். உள்ளங்கை தோலுரிந்தது. ஜன்னலுக்குக் கம்பி. கொல்லைக் கதவுக்குச் சமையலறை வழியாகத்தான் போக வேண்டும்.

திரையைப் பார்த்தாள். அம்புகள் இப்போது கூடத்தின் நடுவைக் காட்டின. பிறகு குட்டையாயின. குட்டையாகிக் குட்டையாகி வெறும் புள்ளிகளாயின. அதன் பொருள் அவளுக்குத் தெரியும். திரையிலிருந்து வெளியே நீளும் அம்பு, எதிரே நிற்பவருக்குப் புள்ளியாகத்தான் தெரியும்.

எல்லாம் அவளை நோக்கி. அல்லது அவளுக்கு நேர் பின்னால்.

"ஜெயா..." கணவனின் குரல் தாழ்ந்தது. "பக்கத்துல யாரு மூச்சு விடுதா?"

அவள் திரும்பவில்லை. கதவில் நெற்றியை அழுத்திக்கொண்டாள்.

துருவின் வாசம். கழுத்தில் குளிர்.

கொண்டையில் செருகியிருந்த ஊசிகள் ஒவ்வொன்றாகக் கழன்று, கீழே விழாமல், பின்னால் போயின.