ஐந்தில் ஆறாவது

ஐந்து மணி நேரத்தோடு நின்றிருக்க வேண்டிய சத்தம், ஐந்து மணி நேரம் நான்கு நிமிடத்தைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது.

பூபாலன் திரையைப் பார்த்தான். தான் எழுதிய நிரல் சொன்னபடி நடந்தால்தான் அவனுக்குச் சந்தேகம் வரும். பெங்களூரில் பதினோரு வருடம் இப்படியே எழுதித் தள்ளி, கடைசியில் கம்பெனியே கும்பிடு போட்டு அனுப்பிவைத்தது. இப்போது ஜவ்வாது மலையில், மனைவி ரேணுகாதேவியின் ஆந்தை ஆராய்ச்சிக்குச் சம்பளமில்லாத கணினி நிபுணர். பாத்திரம் துலக்குவது கூடுதல் பொறுப்பு.

வேலை சுலபமானது. ஓடைக்கரையிலிருந்து ஊர் எல்லைப் புளியமரம் வரைக்கும், காட்டு வழியில் ஐந்து மரங்களில் ஐந்து ஒலிப்பதிவுப் பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரச் சத்தத்தைப் பிடித்து, செல்போன் சிக்னல் மனசு வைத்த நேரத்தில் வீட்டுக்கு அனுப்பும். ஐந்து கோப்புகளைத் தனித்தனியாகத் திறந்து மூடிக்கொண்டிருக்காமல், எல்லாவற்றையும் ஒரே நீரோட்டமாகப் படிப்பது பூபாலனின் நிரல். ஒன்று தீர்ந்ததும் 'அடுத்தது இருக்கிறதா?' என்று பட்டியலைக் கேட்கும். இருந்தால் ஒட்டுத் தெரியாமல் அதற்குத் தாவும். இல்லையென்றால் நிற்கும். இப்போது எத்தனையாவதைப் படிக்கிறது என்று திரையின் மூலையில் காட்டும்.

மூலையில் 6/5 என்று இருந்தது.

"ஐந்தில் ஆறாவது. எனக்குக் கணக்கு வராதுன்னு வாத்தியார் சொன்னது சரியாத்தான் போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பட்டியலைத் திறந்தான். ஐந்து பெயர்கள். எத்தனை தடவை எண்ணினாலும் ஐந்து.

மணி மூன்றரை. வெளியே கார்த்திகைப் பனிமூட்டம் மதியத்திலிருந்தே இறங்கிவந்து, ஜன்னல் கம்பிகளில் வியர்த்து, கேழ்வரகுத் தாள் நனைந்த வாடையோடு அறைக்குள் மெல்ல நுழைந்துகொண்டிருந்தது. ரேணுகாவும் உதவியாளன் வடிவேலுவும் ஓடைக்கரைப் பெட்டிக்கு பேட்டரி மாற்றப் போயிருந்தார்கள். நாலு மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். நேற்று ஒரே ஒரு நாள் அவர்களோடு நடந்ததற்கே பூபாலனின் இடது குதிகாலில் கொப்புளம். செருப்பு வாரும் அறுந்து, அதை ஓர் ஊக்கு மாட்டி இழுத்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தான். இன்றைக்கு அவனுக்கு விடுப்பு.

ஹெட்போனை மாட்டி, காலடி கேட்கும் இடங்களாகத் தாவித் தாவி, முதலிலிருந்து கேட்டான்.

முதல் பெட்டி. ஓடைக்கரை. நேற்று மாலை அதை முடுக்கிவிட்டு மூவரும் கிளம்பும் சத்தம். வடிவேலுவின் டயர் செருப்பு. ரேணுகாவின் ஷூ. கடைசியாக அவன் கால், ஊரே கேட்கும்படி: சரக்... டிக். சரக்... டிக். இழுபடும் செருப்பும், ஊக்கு கல்லில் தட்டுவதும். "ஏழைகளின் ரயில்" என்று அவனே சொல்வது கேட்டது. ரேணுகா சிரித்தாள்.

நேற்றும் இதே பனிமூட்டம். ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்துத்தான் நடந்தார்கள். அந்த ஊர்க்காரர்களின் பழக்கம். புளியமரம் வந்ததும் வடிவேலு முன்னால் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

"கடசி ஆளு கொரல் குடுக்கணும் சார். 'நாந்தான் கடசி, வழி முடிஞ்சிச்சி'ன்னு."

"குடுக்கலன்னா?"

"வழி முடியாது. அவ்ளோதான்."

பூபாலனுக்கு அந்த நேரத்தில் திருப்பத்தூர் பஸ் கண்டக்டர் நினைவுக்கு வந்தார். வாய் சும்மா இருக்குமா? தகரத்தைத் தட்டுவதுபோல் ரேணுகாவின் முதுகுப் பையைத் தட்டி, "உள்ள போ, உள்ள போ, இன்னும் ஆளு வருது!" என்று கத்தினான். ரேணுகா அவனைக் கிள்ளினாள். வடிவேலு மட்டும் சிரிக்கவில்லை. எந்த ஜோக்குக்கும் முதலில் சிரிக்கிற ஆள்.

ஹெட்போனில் மூன்று நடையும் தேய்ந்து அடங்கின. ஓடைத் தண்ணீர். ஒரு பூச்சி. கொஞ்ச நேரம் வேறொன்றுமில்லை.

நாலாவது நிமிடத்தில், தண்ணீரிலிருந்து ஏதோ கரையேறியது. ஈரமான, செருப்பில்லாத காலடி. ஓர் அடி வைத்து, யோசித்து, அடுத்த அடி வைக்கிற நடை. நடப்பதற்கு அப்போதுதான் பழகுவதுபோல. பெட்டியைத் தாண்டி, அவர்கள் போன திசையிலேயே போயிற்று.

கரடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். நாம் கிளம்பிய பிறகுதானே வந்தது, நல்ல கரடி.

இரண்டாவது பெட்டி. மூன்று நடை. மூன்று நிமிட இடைவெளி. பிறகு அந்தக் காலடி.

மூன்றாவது பெட்டி. இரண்டு நிமிடம். காலடி இப்போது இடது பக்கமாகக் கொஞ்சம் இழுபட்டது.

பூபாலன் ஹெட்போனைக் கழற்றி அறையைச் சுற்றிப் பார்த்தான். நாற்காலி, அரிசி மூட்டை, கொடியில் ரேணுகாவின் துப்பட்டா. எல்லாம் அதனதன் இடத்தில். மறுபடி மாட்டிக்கொண்டான்.

நாலாவது பெட்டி. ஒரு நிமிடம். சரக்... சரக்... நன்றாகவே இழுத்தது. கூடவே நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஊக்கின் ஒலியைப் பிடிக்கப் பார்ப்பதுபோல், தப்பும் தவறுமாக, ட்... ட்... டிக்.

ஐந்தாவது பெட்டி. புளியமரம். வடிவேலுவின் குரல். அவனுடைய குரல். "இன்னும் ஆளு வருது!" ரேணுகா "அடச்சீ" என்றாள். பிறகு அவன் நடந்தான். சரக், டிக். சரக், டிக்.

ஒவ்வொன்றும் இரண்டு முறை கேட்டது.

எதிரொலி என்று சொல்லிக்கொள்ள நினைத்தான். பொட்டல்வெளியில் ஏது எதிரொலி.

மூலையில் எண் மாறியது. 6/5.

ஒட்டுத் தெரியவில்லை. அவன் எழுதியது அல்லவா, நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். தண்ணீர்த் தொட்டி சொட்டும் சத்தம். அது இந்த வீட்டுத் தொட்டி. உள்ளே எங்கோ பாத்திர மூடி விழுந்து உருண்டது. நேற்று ராத்திரி அவன் கை நழுவவிட்ட மூடி. "ஒரு மூடிய புடிக்கத் தெரியல, இதுல புரோகிராமு வேற" என்று ரேணுகா சிரிப்பது கேட்டது. ஆனால் அந்தச் சிரிப்பு ஜன்னலுக்கு வெளியிலிருந்து பதிவாகியிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்றின் மூச்சும் சேர்ந்து.

பிறகு காலை. கதவுச் சங்கிலி. ரேணுகா, "பூபா, வூட்ட தெறந்து போட்டுட்டு தூங்காத. கேழ்வரகு களி மூடி வெச்சிருக்கேன், ஆறிடப் போவுது." டயர் செருப்பு. ஷூ. தூரமாகப் போயின.

சரக். டிக்.

பின்னாலேயே.

பூபாலன் எழுந்துவிட்டான். ஹெட்போன் ஒயர் இழுபட்டு நின்றான். ஓடைத் தண்ணீர் கேட்டது. வடிவேலு இருமினான். ரேணுகாவின் குரல், மிக அருகில், ஒரு கை தூரத்தில்: "அட! நீ எப்ப வந்த? கால் வலிக்குதுன்னு படுத்துக்கினு இருந்தியே?"

பதிலுக்கு நடை மட்டும்.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை. சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கினான். நிற்கவில்லை. போனை எடுத்தான். சிக்னல் ஒரு கோடு. போயிற்று. வந்தது. மணியடித்தது, ஹெட்போனுக்குள்ளும் அதே மணி அடித்தது.

"இன்னா பூபா" என்றாள் ரேணுகா. போனிலும், ஹெட்போனிலும், ஒரே நேரத்தில்.

"ரேணு, எங்க இருக்க?"

"பின்னாடி நின்னுக்கினே போன் பண்றியா? வெளாட்டுக்கு ஒரு அளவில்லையா?"

"நான் வூட்டுல இருக்கேன். ரேணு, சத்தியமா. நான் வூட்டுல இருக்கேன்."

"போன வாரம் பாம்புன்னு கத்துனதும் சத்தியமாத்தான்." சிரித்தாள். "கைய எடு, சில்லுன்னு இருக்குது. புளியமரம் வந்திடுச்சி, வெச்சிடறேன்."

அவன் வாழ்நாளில் அடித்த அத்தனை ஜோக்கும் அந்த ஒரு நொடியில் எதிரே வந்து நின்றன. ஒன்றையாவது திருப்பி வாங்கிக்கொள்ள முடிந்தால்.

கதவைத் திறந்தான்.

பனி. வீட்டு வாசலிலிருந்து நாற்பது அடியில் புளியமரம், பால் துணிக்குப் பின்னால் நிழல்போல. அதனடியில் வடிவேலு. அவன் தோளில் கை வைத்து ரேணுகா, தலைமுடியெல்லாம் பொடிப்பொடியாக நீர்த்துளி. அவள் தோளில் ஒரு கை.

வடிவேலு வழக்கப்படி திரும்பாமல் நின்றான். "கடசி ஆளு. இன்னிக்காச்சும் ஒழுங்கா கொரல் குடு சார்."

ரேணுகா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கண்டக்டருக்காகக் காத்திருந்தாள்.

"நாந்தான் கடசி!" பூபாலன் வாசலிலிருந்து கத்தினான். "வழி முடிஞ்சிச்சி! நாந்தான்! ரேணு, முடிஞ்சிச்சி!"

அவள் நிமிர்ந்தாள். வாசலில் அவனைப் பார்த்தாள். சிரிப்பு அவள் முகத்திலேயே தங்கிவிட்டது, கழற்றி வைக்க மறந்துபோன ஏதோ ஒன்றைப்போல. அவள் அசையவில்லை. தோளின் மேலிருந்த விரல்கள் மட்டும் மெதுவாக, ஒவ்வொன்றாக, இறுகின.

"உள்ள போ, உள்ள போ" என்றது அவள் பின்னால் அவனுடைய குரல். "இன்னும் ஆளு வருது."

காற்று ஒருமுறை அடித்தது. பனி விலகிய அளவுக்குச் சரிவு தெரிந்தது. அவள் தோளைப் பிடித்திருந்த அதன் தோளில் ஒரு கை. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. அவன் உயரம், அவன் சட்டை, ஒட்டுத் தெரியாமல், வழி நெடுக, ஓடை வரைக்கும், ஓடையைத் தாண்டியும்.

எல்லாம் ஒரே நேரத்தில் இடது காலை முன்னால் இழுத்தன.

சரக்.

டிக்.