பேர் சொல்லாமல் ஏற்றியது

சித்தேரி மலைக்குப் பஸ் ஏறத் தொடங்கும் இடத்தில் ரோசம்மாளின் ஓட்டு வீடு இருந்தது. பூவரசன் அங்கே போய் இறங்கியபோது உச்சி வெயில். கோழி ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. பேய் பிசாசு எதுவும் எட்டிப் பார்க்கக் கூசுகிற வெளிச்சம்.

பூவரசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இண்டூரில் சிமென்ட், கம்பிக் கடை. ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் ஒருமுறை நின்று தோற்றவர். தோற்றதற்கும் நன்றி தெரிவித்து பிளெக்ஸ் வைத்தவர். பெங்களூரில் பழைய வண்டிகளின் ஊர்வலம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு ஒரு ஏக்கம் பிடித்துக்கொண்டது. அங்கே வண்டிக்காரர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், அளவாகச் சிரித்தார்கள். அந்த அளவான சிரிப்பு தர்மபுரி மாவட்டத்தில் ஒருவரிடமும் இல்லை என்பது அவருக்குப் பெரிய குறையாகப் பட்டது.

தகரக் கொட்டகைக்குள் நின்றது அந்த ஜீப் பிக்கப். எழுபதுகளில் பிறந்த வண்டி. முன்னால் இருவர் உட்காரும் கேபின், பின்னால் பலகை பரப்பிய திறந்த பெட்டி. முகப்பு விளக்கில் ஒன்று இல்லை. டயர்கள் மண்ணோடு மண்ணாக அமுங்கியிருந்தன.

"எங்க வூட்டுக்காரரு ஓட்டுனதுங்க" என்றாள் ரோசம்மாள். "மலையில இருந்து சாமை, புளி, சீக்காளிங்க, சாகக் கெடக்கிறவங்க, எல்லாத்தையும் எறக்குனாரு. அவரு போன பொறவு யாரும் தொடலை."

"ஒரிஜினலா இருக்குதும்மா" என்று பூவரசன் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு ஆணிகூட மாத்த மாட்டன்."

"ஆணி இருக்கட்டுங்க. பின்னாடி பலகைய மாத்திருங்க."

"பலகைதாம்மா உசிரு!"

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் முகம் என்னவோ போல ஆனது. பிறகு சொன்னாள்: "அப்ப ஒண்ணு மட்டும் செய்யிங்க. யார ஏத்துனாலும் பேரச் சொல்லி ஏத்துங்க. பொதுவுல ஏறு, வான்னு கூப்புடாதீங்க."

"ஏம்மா, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல போட்ட ரூலா?"

"எங்க வூட்டுக்காரரு போட்டதுங்க" என்றாள். சிரிக்கவில்லை.

வண்டியை லாரியில் ஏற்றி இண்டூருக்குக் கொண்டுவந்து, ஊருக்கு வெளியே இருந்த முருகேஷின் பட்டறையில் விட்டார்கள். முருகேஷ் வாய்க்காரன். சாவு வீட்டுக்குப் போனாலும் இரண்டு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் திரும்புவான்.

"என்னாணா இது, வண்டியா, உங்க மொத கல்யாணப் பத்திரிகையா?"

"எனக்கு ஒரே கல்யாணம்தான்டா."

"அதான் இவ்ளோ பழசா இருக்குது."

வேலை மாதக்கணக்கில் நடந்தது. கார்புரேட்டருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஒரு பாகத்துக்கு சேலம், ஒரு பாகத்துக்கு ஓசூர் என்று பூவரசன் அலைந்தார். போகிற இடமெல்லாம் "ரெஸ்டோரேஷன்" என்ற சொல்லை வாய் நிறையச் சொன்னார். அவர் மனைவி பானுமதி மட்டும் அதை "தகர வேலை" என்றாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டையை மாற்றும்வரை.

காலி வண்டி வலப்பக்கம் சாய்ந்தே நின்றது. பழைய பட்டை என்று புதிது போட்டான் முருகேஷ். ஜாக்கியை இறக்கினான். வண்டி தரையைத் தொட்டு, சமமாக நின்றது. பிறகு வலப்பக்கம் கீழே போனது. மெதுவாக. நிறைமாதக்காரி ஒருத்தி கையை ஊன்றி, மூச்சை அடக்கி, பார்த்துப் பார்த்து உட்காருவதைப் போல.

முருகேஷ் ஜாக்கியை மறுபடி ஏற்றி இறக்கிப் பார்த்தான். மறுபடியும் அதேதான்.

பிறகு பலகை. தேய்த்து, வார்னிஷ் அடித்தார்கள். எல்லா இடமும் காய்ந்து மினுமினுத்தது. வலது சக்கரத்துக்கு மேலே மட்டும் ஓர் ஆள் சாய்ந்திருக்கும் அளவுக்கு ஈரம் நின்றது. அதிலிருந்து ஒரு வாடை வந்தது. விளக்கெண்ணெய். அதற்கு அடியில் பச்சை ரத்தம்.

பலகை ஓரத்தில் கீறல்கள் இருந்தன. நகத்தால் இழுத்தது போல. முருகேஷ் அவற்றில் பட்டி பூசி அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். காலையில் வந்து பார்த்தால் பட்டி முழுவதும் நோண்டி எடுக்கப்பட்டு, சுருள் சுருளாகப் பலகைமேல் கிடந்தது.

"மரம் மூச்சு விடுதுடா" என்று விளக்கினார் பூவரசன். "பழைய தேக்கு அப்படித்தான். நெட்ல போட்டிருக்கான்."

"மூச்சு விடுதுணா" என்றான் முருகேஷ் தாழ்ந்த குரலில். "அதத்தான் நானும் சொல்றன்."

ஒரிஜினல் ஹாரன் ரோசம்மாளின் வீட்டுப் பரணில் இருக்கிறதாம் என்று தெரிந்து பூவரசன் மறுபடி மலையடிவாரத்துக்குப் போனார். ஹாரனை எடுத்துக் கொடுத்தவள், வண்டி சாய்ந்து நிற்கிறதா என்று அவளாகவே கேட்டாள். அவர் ஹாரனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளே தொடர்ந்தாள்.

"மலையில ஒரு புள்ளைக்கு தலைப்பிரசவம். வலி எடுத்து, தலை திரும்பலைன்னு தூக்கிட்டு வந்தாங்க. பின்னாடி பலகையில படுக்க வெச்சி, எங்க வூட்டுக்காரரு ஓட்டுனாரு. பாதி மலையிலயே போயிருச்சி. வயித்துப் புள்ள வயித்துக்குள்ளயே."

"ஆஸ்பத்திரிக்கு…"

"ஆஸ்பத்திரிக்குப் போனா அறுப்பாங்கன்னு பயம். ஊருக்குள்ள திருப்பிக் கொண்டுபோறதுக்கும் பயம், புள்ளையோட போனவ ஆச்சே. ரோட்டோரமே காட்டுல பொதைச்சிட்டாங்க. வூட்டுக்குப் போலாம் வான்னு அவள ஒருத்தரும் கூப்புடலை."

கொட்டகையில் வண்டி நின்ற இடம் இப்போது வெறும் மண்ணாக இருந்தது. ரோசம்மாள் அந்தப் பக்கம் பார்க்காமலே பேசினாள்.

"பேருகூட எங்களுக்குத் தெரியாதுங்க. வயித்துப்புள்ளக்காரி பேர வெளியில சொன்னா கண்ணு படும்னு வழியெல்லாம் தாயி, தாயின்னேதான் கூப்புட்டாங்க. எப்பியோ ஒரு நாளு எங்க வூட்டுக்காரரு சும்மா 'ஏறுங்க'ன்னு சொல்ல, யாரும் ஏறாமயே வண்டி பின்பக்கம் அமுங்கி எறங்கியிருக்குது. அதுல இருந்து ஒவ்வொருத்தரா பேரச் சொல்லித்தான் ஏத்துவாரு."

பூவரசன் ஹாரனை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். பயந்தாரா என்றால், பயந்தார். ஆனால் பிளெக்ஸ் அச்சுக்குப் போயிருந்தது. "வின்டேஜ் வேந்தர்" என்று அவர் படம், பக்கத்தில் பிக்கப், கீழே மகள் பூவிழியின் வளைகாப்பு விழா. சம்பந்தி வீடு பென்னாகரம். வளைகாப்பு முடிந்து மகளைப் பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்து வருவது இந்த வண்டியில்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

வளைகாப்பு அன்று வண்டி குங்கும நிறத்தில் பளபளத்து நின்றது. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் மெத்தை போட்டு, பூ கட்டியிருந்தார்கள். பின்னால் பானுமதியும் முருகேஷும் காரில் வருவதாக ஏற்பாடு. சம்பந்தி வீட்டார் வாசலில் நிற்க, எல்லார் கையிலும் செல்போன். பூவிழி இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு, ஒன்பதாம் மாத வயிற்றோடு, படி இறங்கி வந்தாள்.

பூவரசன் கதவைத் திறந்து பிடித்தார். "பூவி…"

பானுமதி பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"உங்களுக்குப் புத்தி இருக்குதா? நடு ரோட்டுல, இத்தன கண்ணுக்கு முன்னாடி, வயித்துப்புள்ளக்காரி பேரச் சொல்லுவாங்களா?"

"இல்ல பானு, இந்த வண்டியில…"

"இந்த வண்டியில என்னா?"

சம்பந்தி பார்த்துக்கொண்டிருந்தார். செல்போன்கள் பார்த்துக்கொண்டிருந்தன. வின்டேஜ் வேந்தர், பேய்க்குப் பயந்து மகளின் பேரைச் சொல்கிறேன் என்று எப்படிச் சொல்வார்? காருக்குப் பக்கத்தில் நின்ற முருகேஷ் மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

பூவரசன் கறுப்புக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். அளவாகச் சிரித்தார்.

"ஏறு தாயி. நம்ம வூட்டுக்குப் போலாம்."

பூவிழி இன்னும் காலைத் தூக்கவில்லை.

வண்டியின் பின்பக்கம் இறங்கியது. மெதுவாக.

பூவிழி ஏறி உட்கார்ந்ததும் வண்டி கிளம்பி, பென்னாகரத்தைத் தாண்டியது. இன்ஜின் சீராக ஓடியது. இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடு. பின்னாலிருந்து கண்ணாடி வளையல்கள் குலுங்கும் சத்தம் ஓயாமல் கேட்டது.

"அப்பா."

"என்னம்மா?"

"பின்னாடி யாருப்பா?"

"யாருமில்லம்மா. உன் வளையல்தான்."

பூவிழி இரண்டு கைகளையும் மடியில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் வளையல்கள் அசையவில்லை.

சத்தம் நிற்கவில்லை.

விளக்கெண்ணெய் வாடை கேபினை நிறைத்தது. பூவிழி திடீரென்று குனிந்தாள். "வலிக்குதுப்பா" என்றாள். அவள் சொல்லி முடிக்குமுன், தலைக்குப் பின்னால், கேபின் தகரத்தின் மறுபக்கத்திலிருந்து யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார்கள்.

இண்டூர் வந்தது. வீட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும். பூவரசன் நேராகப் போகத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

அது திரும்பியது.

அவர் உடம்பின் கனம் முழுவதையும் கொடுத்து இழுத்தும், வீட்டுத் தெருவுக்குள் திரும்பியது. பிரேக் அமுங்கியது; வண்டி நிற்கவில்லை. பூவரசன் வீட்டு வாசலுக்கு நேரே வந்து, தானே அணைந்தது.

காரில் வந்த பானுமதியும் முருகேஷும் பூவிழியைத் தூக்கிக் காருக்கு மாற்றி தர்மபுரிக்குப் பறந்தார்கள். பூவரசன் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தார்கள். இப்போது அது திறந்திருந்தது. வண்டி, நான்கு சக்கரத்திலும் சமமாக, லேசாக நின்றது.

இரண்டு உயிரும் தப்பியது. பெண் குழந்தை. ஊரே வந்து பார்த்தது. பூவரசன் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பிளெக்ஸைக் கழற்றிச் சுருட்டி மாட்டுக் கொட்டகைக் கூரையில் போட்டார். இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம் "வாங்க" என்றுகூடச் சொல்வதில்லை. தலையை மட்டும் அசைக்கிறார். கர்வம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

குழந்தை வீட்டுக்கு வந்ததிலிருந்து பூவிழியிடம் பால் குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிடும். பாட்டில் பாலையும் துப்பியது. பானுமதி அழுதுகொண்டே டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த அம்மாள் எடை போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நல்லா ஏறியிருக்கே! தாய்ப்பால்தானே குடுக்கிறீங்க? அப்படியே குடுங்க."

அன்று மத்தியானம் பூவிழி குளிக்கப் போயிருந்தாள். பானுமதி சமையல்கட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அறைக்குள் அழுத குழந்தை சட்டென்று அடங்கியதும் பூவரசன் எட்டிப் பார்த்தார்.

சேலைத் தூளி காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

குழந்தை சுவரோரம் பாயில் இருந்தது. படுத்திருக்கவில்லை. தரைக்கு ஒரு சாண் மேலே, ஒருத்தி மடியில் சாய்ந்திருக்கும் வாக்கில் இருந்தது. கண் மூடி, கன்னம் குழிய, நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. கடைவாயில் பால் வழிந்து பாயில் சொட்டியது.

பூவரசன் கூப்பிட வாயைத் திறந்தார்.

யாரை என்று கூப்பிடுவது?

குழந்தையின் பிடரிமயிர், யாரோ மெதுவாகக் கோதிவிடுவது போல, ஒரு பக்கமாகப் படிந்தது.