எட்டில் ஒரு பங்கு சோறு

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் பரஞ்சோதி இளைத்துக்கொண்டே போனார்.

பஞ்சத்துக்கு மருந்தாக வந்த இயந்திரம் குறுக்கி. அதற்குள் போய் வந்தவருக்கு உயரம் பாதி, அகலம் பாதி, தடிமன் பாதி. ஆகவே எடை எட்டில் ஒன்று. சோறும் எட்டில் ஒன்று போதும் என்றது அரசு. கொடைக்கானல் குடியிருப்பில் குறுகியோர் வேளாவேளைக்குத் தராசில் ஏறி நின்று, எடைக்கு உரிய சோற்றை வாங்கினார்கள்.

"இன்னும் கொஞ்ச நாள்ல என்னைய இட்லித் தட்டுல வச்சே அவிச்சிரலாம்" என்றார் பரஞ்சோதி, பல் கிடுகிடுக்க.

"வாய் மட்டும் குறுகவே இல்ல" என்றாள் மனைவி செங்கமலம். அவரோடு சேர்ந்து குறுகிய அவள் கால்நடை மருத்துவர். அவருக்கு நோய் எதுவும் இல்லை என்று சோதித்துப் பார்த்துவிட்டாள். ஆனால் இப்படியே போனால் பிழைக்க மாட்டார்.

குளிருக்கு அடுக்கிப் போடட்டும் என்று, அவருடைய பழைய பெரிய சட்டையைப் பிரித்துச் சின்னச் சட்டைகளாக வெட்டினாள். எட்டு வரும் என்று நினைத்தாள். நாலுதான் வந்தது.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். எடை எட்டில் ஒன்றானாலும், தோல் நாலில் ஒன்றாகத்தான் குறைந்திருக்கிறது! உடம்பின் சூடு தோல் வழியாகத்தான் வெளியேறுகிறது. இருக்கிற உடம்புக்கு இப்போது இரு மடங்கு தோல். அந்தச் சூட்டை ஈடுகட்ட இரு மடங்கு தீனி வேண்டும். சுண்டெலி ஓயாமல் கொறிப்பதும், யானை தன் எடைக்குக் கொஞ்சமாகத் தின்பதும் இதனால்தான்.

அவள் சொன்ன கணக்கைக் கேட்டபின், இளைத்துப்போயிருந்த குறுகியோர் யாரும் மறுநாள் தராசில் ஏறவில்லை.

"ஏறும்மா, ரூல்ஸ் தெரியும்ல?" என்று குனிந்தார் வழங்கல் அதிகாரி ஆரோக்கியதாஸ்.

"ஏற மாட்டோம் சார். எட்டுல ஒண்ணு போட்டே கொல்றீங்க. நாலுல ஒண்ணு வேணும்" என்றாள் செங்கமலம்.

"ரெட்டிப்பா குடுத்தா அப்புறம் குறுக்கி எதுக்கு?"

"அதத்தான் நாங்களும் கேக்குறோம்."

செங்கமலம் நாலு சட்டைகளையும் தராசுத் தட்டில் விரித்து, கணக்கை அவருக்குச் சொன்னாள். "அடுத்த மாசம் நீங்களும் குறுகணுமாமே? இதே தராசுலதான் நிப்பீங்க. சட்டை நாலுல ஒண்ணு, சோறு எட்டுல ஒண்ணு. சம்மதமா சார்?"

ஆரோக்கியதாஸ் ஒரு சட்டையை எடுத்துத் தன் மார்பில் வைத்துப் பார்த்தார். பிறகு தராசைத் தானே தூக்கி வெளியே வைத்தார்.

அன்று முதல் சோற்றை எடை பார்த்துப் போடுவதில்லை. ஒருவர் சட்டைக்கு எத்தனை பங்கு துணியோ, அத்தனை பங்கு சோறு. பாதி உயரமானவருக்கு நாலில் ஒன்று.