பெட்ரோல் குழாயின் மறுமுனை

ஜீயபுரத்தில் கடைசிப் பயணியை இறக்கிவிட்டுத் திரும்பிய கொஞ்ச நேரத்திலேயே பஸ்ஸுக்கு விக்கல் எடுத்தது. ஒரே ஒரு விக்கல். பிறகு ஒன்றும் நடக்காததுபோல எஞ்சின் சீராக ஓடியது.

"யாரோ உன்னை நினைக்கிறாங்கடி" என்று ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான் சவரிராயன். காலையில்தான் டாங்கி நிறைய பெட்ரோல் ஊற்றியிருந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மழை விட்ட காவேரிக் கரைச் சாலையில் வலப்பக்கம் வாழைத்தோப்பு சொட்டுச் சொட்டாக நீர் உதிர்த்துக்கொண்டிருக்க, இடப்பக்கம் ஐப்பசி வெள்ளம் சேறும் அழுகல் தழையும் நாறும் மூச்சை விட்டுக்கொண்டு சத்தமில்லாமல் நகர்ந்தது. தூரத்தில் ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் இருட்டில் கரைந்துகொண்டிருந்தது. கண்டக்டருக்கு வீடு ஜீயபுரத்திலேயே. பஸ்ஸில் சவரிராயன் தனியாள்.

இரண்டாவது விக்கல். மூன்றாவது. எஞ்சின் அடங்கிவிட்டது.

இறங்கி பானெட்டைத் திறந்தான். பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்து ஹாண்டிலைச் சுற்றினான். நீலப் பொறி துள்ளியது. கரண்டில் குறையில்லை. கார்பரேட்டர் கிண்ணத்தைத் திறந்தான். கோடைக் கிணறுபோலக் காய்ந்து கிடந்தது. டாங்கியில் பெட்ரோல் இருக்கிறது, எஞ்சினுக்கு வந்து சேரவில்லை. அப்படியானால் நடுவில் எங்கோ அடைப்பு.

பம்பிலிருந்து குழாயைக் கழற்றி வாயில் வைத்துப் பின்பக்கமாக ஊதினான். வழக்கமாக இது இரண்டு பேர் வேலை. இவன் முன்னாலிருந்து ஊதி "வருதா?" என்பான். டாங்கி வாயில் காதை வைத்திருக்கும் கூட்டாளி அமிர்தசாமி, உள்ளே களகளவென்று குமிழி வெடித்ததும் "வருதுண்ணே" என்பான். இன்று ஊதிவிட்டுத் தானே காது கொடுத்துக் கேட்டான். களகள. குழாயை மாட்டி ஹாண்டிலைச் சுற்ற, பஸ் கிளம்பியது.

கூப்பிடு தூரம்கூடப் போகவில்லை, நின்றது. ஊதினான், கிளம்பியது. மறுபடி நின்றபோது தலையைத் தூக்கிப் பார்த்தான். எதிரே மதகு. சவரிராயனுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை.

போன மாதம் அமிர்தசாமி ஓட்டிவந்தபோது இதே மதகடியில்தான் பஸ் நின்றுபோனது. பஸ்ஸில் பாதி அவனுடையது. பாலக்கரையில் இருவருக்கும் எதிரெதிர் வீடு. அமிர்தத்தின் மகளுக்கு ஞானத்தகப்பன் சவரிராயன். மாதா கோயிலில் அமிர்தம் பாட ஆரம்பித்தால் அழுகிற குழந்தையும் வாயை மூடும். அப்படிப்பட்டவன் விடிந்து வீடு வந்தபோது குரலில்லாமல் வந்தான். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று கையை விரித்துவிட்டார் டாக்டர். அங்கே என்னடா நடந்தது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வான். இன்று காலை தானே வந்து பெட்ரோல் ஊற்றினான். ஊற்றி முடித்துவிட்டு, சவரிராயனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான். ஒரு மாதமாக இரண்டு பேர் வேலையை ஒருத்தனாகச் செய்கிறோமே, அந்த நன்றி போலும் என்று சவரிராயனும் கண் கலங்கினான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தன்னைத்தானே திட்டிக்கொண்டு குழாயை வாயில் வைத்து ஊதினான். பழக்கதோஷத்தில் வாய் கேட்டுவிட்டது.

"வருதா?"

"வருதுண்ணே."

சவரிராயனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். "டேய் அமிர்தம்! பேச்சு வந்துடுச்சாடா? எப்படா வந்தே?" என்று பின்பக்கம் ஓடினான்.

யாருமில்லை. டாங்கி மூடி மட்டும் திறந்திருந்தது. அவன் திறக்கவில்லை.

பெட்ரோல் வாசனையோடு ஆற்று வாடை கலந்து வந்தது. தீக்குச்சி கிழிக்க முடியாது. மீதமிருந்த வெளிச்சத்தில் குனிந்து பார்த்தான். உள்ளே வெளுப்பாக ஏதோ மிதந்தது. கம்பியை வளைத்து விட்டு இழுத்தான். துணி. சின்ன வெள்ளைத் துணி. ஒரு பக்கம் கிழிந்திருந்தது. மூலையில் சிவப்பு நூலில் ஒரு சிலுவை.

அந்தத் தையல் அவனுக்குத் தெரியும். அவன் மனைவி அற்புதம்மாள் விளக்கடியில் உட்கார்ந்து போட்ட தையல். ஞானஸ்நானத்தன்று அமிர்தத்தின் மகள்மேல் அவனே போர்த்திய துணி. அந்த வீட்டுப் பெட்டியை விட்டு அது வெளியே வர வழியில்லை, அமிர்தம் எடுத்தாலொழிய.

ஊற்றும்போதே போட்டிருக்கிறான். ஓடினால் துணி குழாய் வாயில் ஒட்டும். நின்றால் விலகும். ஓட்டி, நிறுத்தி, ஓட்டி, இருட்டும் வேளைக்குச் சரியாக இங்கே கொண்டுவந்து விடும். இந்த நுணுக்கத்தையெல்லாம் அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே சவரிராயன்தான். கூடவே இருந்து குழி பறித்துவிட்டான். காலையில் அழுதது நன்றி இல்லை. சாவு வீட்டு அழுகை. சவரிராயனுக்கு நெஞ்சு எரிந்தது. பயத்தைவிட அதுதான் அதிகமாக எரிந்தது.

பானெட் பக்கம் திரும்பினான். கழற்றிவிட்ட குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து அமிர்தத்தின் குரல் வந்தது. அமிர்தம் ஒருநாளும் பேசாத மரியாதையோடு வந்தது.

"அமிர்தசாமி அனுப்பறேன்னு சொன்ன ஆள் நீங்கதானுங்களா?"

ஓடியிருக்கலாம். எங்கே ஓடுவது? ஒரு பக்கம் ஆறு. ஒரு பக்கம் தோப்பு. முன்னும் பின்னும் ஆளில்லாத சாலை. கிழிந்த துண்டு இன்னும் குழாய்க்குள் இருக்கிறது. ஒரே ஒரு முறை ஊதிவிட்டால் போதும். கிளம்பிவிடலாம். ஒரே முறை.

வாயை வைத்து ஊதினான்.

காற்று போகவில்லை. மறுமுனை இழுத்தது. கைக்குழந்தை பால் குடிப்பதுபோல, நிதானமாக. உதடு செம்புக் குழாயில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கப் பார்த்தான். முடியவில்லை. மார்பு வற்றியது. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நூலாகப் பிரிந்து, தொண்டை வழியே, பல் வழியே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது.

பிறகு விட்டது.

ஈரத் தரையில் மல்லாந்து விழுந்தான். மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தைச் சொல்ல வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. சத்தமில்லை.

டாங்கிக்குள் குமிழி வெடித்தது. களகள. அங்கிருந்து அவனுடைய சொந்தக் குரல் சொன்னது.

"வருது."

கத்தினான். விளக்கேற்றிவிட்டு வாசலைப் பார்த்து நிற்பவளை நினைத்து, உயிரையெல்லாம் கூட்டிக் கத்தினான். இங்கே ஒன்றுமில்லை. அங்கே, டாங்கிக்குள்:

"அற்புதம்! அற்புதம்மா!"

வாழை இலைகளின் சொட்டு நின்றது. ஆறும் நின்றதுபோல் இருந்தது.

"சரிங்க" என்றது சவரிராயனின் குரல். "அவங்களையே அழைச்சிட்டு வாங்க. வந்ததும் உங்களுதைக் குடுத்துடறேன். அமிர்தசாமிக்கு இப்பதான் குடுத்தேன்."

இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினான். யார் பார்த்தார்கள்?

யாரும் ஹாண்டிலைச் சுற்றவில்லை. குழாய் கழன்றபடியே தொங்கியது. எஞ்சின் கிளம்பி, ஒரு விக்கலுமில்லாமல் ஓடியது. விளக்கிரண்டும் எரிந்து, திருச்சிராப்பள்ளிச் சாலை நீளமாகத் தெரிந்தது.

துணி இன்னும் அவன் கையில் இருந்தது. ஆற்றில் வீசி எறியத்தான் நினைத்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய விரல்கள் அதைப் பிழிந்தன. சிவப்புச் சிலுவை வெளியே தெரியாதபடி நான்காக மடித்தன. சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டன.