மரக்கதவில் எரிந்த டெஸ்டர்

காய்ந்த மரக்கதவில் டெஸ்டரின் விளக்கு எரிந்தது.

வேலை முடிந்து வந்து கதவைத் தொட்டதும் விரல் சுரீரென்றதால்தான் எலக்ட்ரீஷியன் மின்சாரம் பார்க்கும் அந்த டெஸ்டரை எடுத்தான். இருபது வருடமாகச் செம்புக்கம்பியோடு மாரடிக்கிறவனுக்கு, மரத்தில் மின்சாரம் பாயாது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பொடி விளக்கு சிவந்து நின்றது. அப்போதுதான் துடைத்த தரையின் பினாயில் வாசனைக்குள், பூச்சி ரீங்கரிப்பது போன்ற ஓர் இரைச்சல் கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அதுவும் நகர்ந்தது.

மெயின் சுவிட்சை அணைத்தான். டெஸ்டரை ஜன்னல் கண்ணாடியில் வைத்தான். எரிந்தது. பிளாஸ்டிக் வாளியிலும் எரிந்தது. கட்டிலில் மகளோடு உட்கார்ந்திருந்த மனைவியிடம் கத்தினான்.

"குட்டியைக் கட்டில்லயே வெச்சுக்கோ. யாரும் எதையும் தொடாதீங்க!"

நேற்று வேலையில் கையுறை கிழிந்து, லைன் கம்பியின் மின்சாரம் ஒரு நொடி தன்னைப் பிடித்து உதறியதைப் பற்றி அவன் வீட்டில் மூச்சு விடவில்லை. நேற்று அவன் வரும்போது இருவரும் தூங்கியிருந்தார்கள். காலையில் அவர்கள் எழுமுன் கிளம்பிவிட்டான். தினமும் "அழுக்கு, வராத!" என்று அவன் கத்துவதும், குட்டி ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்வதுமான ஆட்டம்கூட நேற்று நடக்கவில்லை.

கடைசியாக, சுவிட்ச் போர்டுக்குக் கீழே கிடந்த ரப்பர் விரிப்பு. அதிலும் எரிந்தது.

"உங்க டெஸ்டருக்குத்தான் பைத்தியம் புடிச்சிருக்கு. குடுங்க," என்று மனைவி இறங்கி வந்து வாங்கினாள். கதவில் வைத்தாள். எரியவில்லை. கண்ணாடி, வாளி, விரிப்பு. எதிலும் இல்லை.

"நான் வெச்சா ஒண்ணுமே இல்லயேங்க!"

சிரித்தபடி டெஸ்டர் நுனியால் அவன் தோளைக் குத்தினாள்.

சிவப்பு.

அவள் சிரிப்பு நின்றது. இரைச்சல் தன் பற்களுக்குள்ளிருந்து வருவது அவனுக்கு இப்போதுதான் புரிந்தது. பின்னால் நகர்ந்தான். முதுகில் சுவர்.

"அப்பா!"

குட்டி கட்டிலிலிருந்து குதித்தாள். ஈரத்தரை. வெறுங்கால்.

"வராத! வராத!"

அவளுக்கு அது ஆட்டம்தான். கலகலவென்று சிரித்தபடி ஓடிவந்தாள். அவள் நீட்டிய விரல் நுனிகளில், ஒவ்வொன்றாக, அதே சிவப்பு எரியத் தொடங்கியது.