உப்பில்லாத களிமண்

1936, ஐப்பசி. காலை ஏழு மணி. கோட்டூரில் அடையாற்றங்கரையில் பாதி எழும்பியிருந்த மாடி வீடு ஒருக்களித்து விழுந்து கிடந்தது. செங்கல் குவியலுக்கடியிலிருந்து சித்தாள் கெங்கம்மாவை வெளியே எடுத்தார்கள். உயிர் இல்லை.

மேஸ்திரி சுப்பராயன் சுண்ணாம்பைக் குறைத்துக் காசில் கை வைத்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. இன்ஸ்பெக்டர் வலியுல்லா அவரை லாக்கப்பில் அடைத்துவிட்டு, பேராசிரியர் வேதநாயகத்துக்கு ஆள் அனுப்பினார்.

வேதநாயகம் பொறியியல் கல்லூரியில் இருபது வருஷமாக மண்ணையும் அஸ்திவாரத்தையும் கட்டிக்கொண்டு அழுபவர். மண்ணை நாக்கில் வைத்துக்கூடப் பார்ப்பார். 'மண்ணுதின்னி வாத்தியார்' என்று பையன்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பது அவருக்கும் தெரியும். இந்த மனை தாங்கும் என்று சொன்னவரே அவர்தான். வந்ததும் இடிபாட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"சுண்ணாம்புல குத்தமில்ல, இன்ஸ்பெக்டர். அஸ்திவாரம் ஒரு பக்கமா உள்ள இறங்கியிருக்கு."

"மண்ணு கெட்டின்னு சொன்னது நீங்கதானே, சார்?"

"பதினஞ்சடி ஆழத்து மண்ணு என் மேஜைக்கு வந்துது. கெட்டியாத்தான் இருந்துச்சு."

கெங்கம்மாவின் புருஷன் தங்கவேல் தரையில் உட்கார்ந்திருந்தான். வலியுல்லா அவனிடம் குனிந்தார்.

"உன் சம்சாரம் உள்ளே ஏன் போச்சு?"

"ஆளுங்களுக்குக் குடிக்கத் தண்ணி எடுத்துக்கினு போச்சு சார். இங்க எங்க தோண்டினாலும் ஊத்து உப்புக் கரிக்குது. தெனம் அதான் தூரத்துலேர்ந்து தூக்கிக்கினு வரும்."

வேதநாயகம் நேராகக் கல்லூரிக்குப் போனார். கோட்டூர் மண்ணில் மீதி ஒரு டப்பாவில் இருந்தது. அது வந்த சமயம் அவருக்குக் காய்ச்சல், நாக்கு செத்துக் கிடந்தது. அதனால் இயந்திரத்தில் அழுத்திப் பார்த்ததோடு விட்டுவிட்டார். இப்போது ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டார். துப்பிவிட்டு மறுபடியும் போட்டார். உப்பு துளிகூட இல்லை.

மண் எடுத்து, டப்பாவில் அடைத்து, மெழுகு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தது எல்லாம் ஒரே ஆள். அவருடைய உதவியாளன், ஒரே மகன் லாசர். தாயில்லாப் பிள்ளை.

சாயங்காலம், சாந்தோம் வீடு.

"கோட்டூர் மண்ணு எங்க எடுத்தே?"

"கோட்டூர்லதான்ப்பா."

"அங்க ஊத்தே உப்பு. டப்பா மண்ணுல உப்பு இல்ல. எந்த ஊர் மண்ணு அது?"

லாசர் சுவரைப் பார்த்தான். "கோபாலபுரம். அங்க ஒரு பங்களாவுக்குத் தோண்டினோமே, அதுல மீதி."

"ஏன்?"

"கோட்டூர்ல தோண்டத் தோண்டக் குழி சரிஞ்சு மூடிக்கிச்சுப்பா. முடியலைன்னு வந்து நிக்க வெக்கமா இருந்துச்சு. வேதநாயகத்தோட மகனுக்குக் குழி தோண்டத் தெரியலைன்னு காலேஜே சிரிக்கும்."

"அட பாவி மகனே. குழி நிக்கலைன்னா மண்ணு தாங்காதுன்னு அர்த்தம், அதுதான்டா பதில். அதை மட்டும் சொல்லியிருந்தா அங்க ஒரு செங்கல் வைக்க விட்டிருப்பேனா?"

லாசர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பெற்றவரும் அழுதார். பிறகு, "சட்டையைப் போட்டுக்கிட்டு வா" என்றார்.

ஸ்டேஷனில் எல்லாவற்றையும் அவரே சொன்னார். "மண்ணை மாத்தினது என் மகன். மேஸ்திரியை விட்டுடுங்க."

வலியுல்லா பேனாவை மூடி வைத்தார். "நீங்க வாயைத் திறக்கலைன்னா யாருக்கும் தெரியாது, சார்."

"தெரியாது. அதுக்காக அந்த மனுஷன் ஜெயிலுக்குப் போகணுமா?"

லாக்கப் கதவு திறந்தது. சுப்பராயன் வெளியே வந்தார், லாசர் உள்ளே போனான். அந்தப் பையன் யார் என்று மேஸ்திரிக்குத் தெரியாது; தன்னை மீட்டவர் வாத்தியார் என்று மட்டும் தெரியும். அவர் ஓடிவந்து வேதநாயகத்தின் காலில் விழுந்தார்.

"மகராசனா இருக்கணும் சாமி. உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்."